புதுப்பித்த பழைய தன்சு வாங்கலாமா? முதலில் என்ன மரம் என்று பாருங்கள்

நீங்கள் கேட்டது இதுதான். டோக்கியோ பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் ‘தன்சு’ என்னும் ஜப்பானிய இழுப்பறைப் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். இரண்டு அடுக்கு, கறுப்பு இரும்புப் பிடிகள். ‘மெய்ஜி காலத்துச் சாமான், முழுக்கப் புதுப்பித்தது’ என்கிறார் கடைக்காரர் (மெய்ஜி என்பது 1868 முதல் 1912 வரையான காலம்). பார்வைக்குப் புத்தம் புதுசாக இருக்கிறது. புதுப்பித்ததால் அதன் மதிப்பு கூடியதா, குறைந்ததா? நிஜமாகவே பழசுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கினால் எப்படி வைத்துக்கொள்வது?

முதல் கேள்விக்கு இப்போதைக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. என்ன மரம் என்று நீங்கள் எழுதவில்லையே. ஜப்பானில் ‘புதுப்பித்தது’ என்ற ஒரே சொல்லுக்குள் நேர் எதிரான இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. கிரி என்ற லேசான மரத்தில் செய்த பெட்டியை இழைப்புளி போட்டுச் சீவிப் புதுசாக்குவது அந்தப் பெட்டிக்குச் செய்யும் மரியாதை. செய்தவரே அதை எதிர்பார்த்துத்தான் செய்திருப்பார். உருஷி என்ற மரப்பால் பூச்சு பூசிய, கெயாக்கி என்ற கனமான மரத்துப் பெட்டியில் அதே இழைப்புளியை வைத்தால் நூறு வருடத்து அழகு அரை மணி நேரத்தில் தூளாகிக் கீழே கிடக்கும்.

நான் தச்சன் இல்லை. மென்பொருள் வேலைக்காக இங்கே வந்தவன். சைதாமாவில் ஒரு தன்சுப் பட்டறையில் சனிக்கிழமைகளில் எடுபிடியாக நிற்க ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. கையில் தொட்ட பெட்டிகளை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

தன்சு என்றால் இழுப்பறை வைத்த பெட்டி. 17ஆம் நூற்றாண்டுக்கு முன்பு ஜப்பானிய வீடுகளில் இழுப்பறை அபூர்வம். மூடி போட்ட நீளப் பெட்டிதான் இருந்தது. நம் வீட்டுப் பழைய துணிப்பெட்டி மாதிரி, அடியில் கிடப்பதை எடுக்க மேலே உள்ளதையெல்லாம் கலைக்க வேண்டும். சிலர் அதற்குச் சக்கரம் வைத்தார்கள், தீப்பிடித்தால் உருட்டிக்கொண்டு ஓடலாம் என்று. 1657இல் எடோ, அதாவது இன்றைய டோக்கியோ, பற்றி எரிந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். தெரு அடைத்துக்கொண்டது, தப்பி ஓட வழியில்லாமல் போனது. 1683இல் எடோ, கியோத்தோ, ஒசாகா மூன்று ஊர்களிலும் சக்கரப் பெட்டிக்குத் தடை வந்தது.

சக்கரம் போனது, தோள் வந்தது. பழைய தன்சுவின் இரண்டு பக்கவாட்டிலும் மேலே இழுத்து நிமிர்த்தக்கூடிய இரும்புப் பிடி இருக்கும். நிமிர்த்தினால் பெட்டியின் உச்சிக்கு மேலே நிற்கும். இரண்டிலும் ஒரே கழியை நுழைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தூக்கிக்கொண்டு போவார்கள். கழிக்கு ஜப்பானிய மொழியில் ‘சாவோ’. இன்றும் தன்சுவை ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று எண்ணுவதில்லை. ஒரு சாவோ, இரண்டு சாவோ என்றுதான் எண்ணுவார்கள். நீங்கள் பார்த்த பெட்டியில் அந்தப் பிடி இருக்கிறதா, அல்லது அது இருந்த இடத்தில் ஆணித் துளையை அடைத்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். கடைக்காரரிடம் கேட்பதைவிட அந்தத் தடத்திடம் கேட்பது நல்லது.

சரி, மரத்துக்கு வருவோம்.

ஒரு இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்துக் கையில் தூக்கிப் பாருங்கள். அட்டைப்பெட்டி மாதிரி லேசாக இருந்தால் அது கிரி. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் 500 யென் காசில் பொறித்திருக்கிறதே, அதே செடிதான். வளர்ந்தால் மரம். நம் ஊரில் கனமாக இருந்தால்தான் நல்ல கட்டை, வைரம் பாய்ந்த கட்டை என்போம். கிரி அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும். தேக்கின் எடையில் பாதிகூட இராது. நகத்தால் அழுத்தினால் குழி விழும் (கடையில் செய்து பார்க்காதீர்கள்). ஆனாலும் ஜப்பானில் கிமோனோ வைக்க இதற்கு மேல் ஒரு மரம் இல்லை. அறுத்துக் காயவைத்த பிறகு அநேகமாக வளையாது, முறுக்காது. மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும், குளிரில் சுருங்கிக் காற்று விடும். சூட்டைச் சட்டென்று உள்ளே கடத்தாது. தீப்பட்டால் மேலே கரியாகி, உள்ளே போக நேரம் எடுக்கும். பழைய ஜப்பானிய இரும்புப் பெட்டகங்களுக்கு உள்ளே கிரிப் பலகை பதித்திருப்பார்கள், அதனால்தான்.

பெண் குழந்தை பிறந்தால் ஒரு கிரிக் கன்று நடுவது, அவள் கல்யாணத்துக்கு அதை வெட்டித் தன்சு செய்து அனுப்புவது என்ற வழக்கம் பல ஊர்களில் இருந்தது. பதினைந்து இருபது வருடத்தில் வெட்டும் அளவுக்கு வளர்ந்துவிடும் மரம் என்பதால் கணக்கு சரியாக வரும். நம் ஊர் சீர்வரிசையில் பீரோ போவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன, இங்கே பீரோவை இருபது வருடம் முன்பே கொல்லையில் நட்டுவிடுவார்கள்.

கிரியின் ஒரே வம்பு அதற்குள் இருக்கும் கறை. அறுத்த பலகையை மாதக்கணக்கில், சில பட்டறைகளில் வருடக்கணக்கில், மழையிலும் வெயிலிலும் வெளியே நிறுத்தி அந்தக் கறையை இறங்கவிடுவார்கள். அவசரப்பட்டு உள்ளே எடுத்த பலகையில் செய்த பெட்டி சில வருடத்தில் திட்டுத்திட்டாகக் கறுக்கும். பழைய கிரித் தன்சு பழுப்பேறி, அழுக்குப் பிடித்து, பார்க்கவே பாவமாகக் கிடப்பது சகஜம். அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. அழுக்கு மேல்தோலில்தான் இருக்கிறது.

அதை மீட்கும் வேலையைப் பட்டறையில் ‘அராய்’ என்பார்கள், கழுவுதல் என்று அர்த்தம். ‘கெசுரி நாவோஷி’ என்றும் சொல்வார்கள், அதாவது மறுபடி சீவுதல். கொஞ்சம் மரியாதையான சொல் ‘கோசெய்’. சிறையிலிருந்து வந்தவர் திருந்தி வாழ்வதற்கும் அதே சொல்தான். எனக்கு அந்தப் பொருத்தம் மிகவும் பிடிக்கும்.

முதலில் இரும்பையெல்லாம் கழற்றுவோம். ஒவ்வொரு பிடியும் எந்த இழுப்பறையில் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துவைத்துத்தான் கழற்ற வேண்டும். கையால் அடித்த இரும்பில் இரண்டு பிடி ஒரே மாதிரி இருப்பதில்லை. மாற்றிப் போட்டால் துளை ஒத்துவராது. அப்புறம் வெந்நீர். மரச்சாமானில் வெந்நீர் ஊற்றுவதா என்று முதல் நாள் நான் வாயைப் பிளந்தேன். ஊற்றித் தேய்க்கத் தேய்க்க டீ மாதிரி பழுப்புத் தண்ணீர் இறங்கும். வெந்நீர் பட்டதும், பல வருடமாக அமுங்கிக் கிடந்த குழிகள் தாமாக உப்பி மேலே வரும். கிரியின் மென்மைக்குக் கிடைக்கும் வட்டி அது. நிழலில் வைத்து நன்றாகக் காயவிட்ட பிறகு விரிசல்களைப் பார்ப்போம். விரிசலை மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பவர் நல்ல வேலைக்காரர் இல்லை. விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்தி, அதே ரேகைப் போக்கில் கிரிச் சிம்பு ஒன்றைச் செருகி ஒட்டி, காய்ந்ததும் மட்டமாக வெட்டிவிட வேண்டும். எலி கடித்த மூலைக்கும் அதே வைத்தியம். பல வருடம் இழுத்து இழுத்துத் தேய்ந்த இழுப்பறையின் அடி ஓரத்தில் ஒரு பட்டை ஒட்டி உயரம் கூட்டுவோம்.

அதற்குப் பிறகுதான் இழைப்புளி. சீவி எடுப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், பெரும்பாலும் அதற்கும் குறைவு. ஒரிஜினல் பலகை போதிய கனமாக இருந்தால் ஒரு பெட்டி அதன் ஆயுளில் இரண்டு மூன்று தடவை இதைத் தாங்கும். சீவியதும் உள்ளே இருந்து வெள்ளி மாதிரி வெளிறிய புது மரம் வரும். காருகாயா என்ற புல்லின் வேரை இறுகக் கட்டிய ஒரு முட்டியால் ரேகை வழியே அழுத்தித் தேய்ப்போம். மென்மையான பகுதி தேய்ந்து, கெட்டியான ரேகை மட்டும் நரம்பு மாதிரி எழுந்து நிற்கும். யாஷா என்ற மரத்தின் காயை வேகவைத்து எடுத்த சாயத்தில் நைஸான மண்பொடி கலந்து பூசித் துடைத்து, கடைசியில் இபோத்தா மெழுகு. அது ஒரு செதில்பூச்சி தரும் மெழுகு. வார்னிஷ் இல்லை, பாலிஷ் இல்லை. மரம் மூச்சு விட வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடு.

கிரிப் பெட்டியை இணைக்க இரும்பாணி கிடையாது. உத்சுகி என்ற செடியின் குச்சியைச் சீவி, தவிட்டோடு சட்டியில் போட்டு வறுத்த மர ஆணிகள். வறுத்தால் ஈரம் போய்ச் சுண்டிக்கொள்ளும். அடித்த பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி இறுகிக்கொள்ளும். ஆணியும் மரம் என்பதால் அதன் மேலேயே இழைப்புளி ஓடலாம். அடுத்த தலைமுறைக்காரன் மறுபடி சீவுவான் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு இது.

ஆக, உங்கள் பெட்டி கிரியாக இருந்து, மேலே சொன்ன மாதிரி புதுப்பித்திருந்தால், ‘புத்தம் புதுசு மாதிரி இருக்கிறது’ என்பது குறையே இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். முழுக்கக் கிரியா என்று பாருங்கள். முகப்பு மட்டும் கிரி, மற்றதெல்லாம் சுகி என்ற மலிவான ஊசியிலை மரம் என்பது பழைய பெட்டிகளில் ரொம்பச் சாதாரணம். அதை ‘மாயேகிரி’ என்பார்கள். எல்லாப் பக்கமும் கிரி என்றால் ‘சோகிரி’. இரண்டும் நேர்மையான சாமான்தான், விலைதான் ஒன்றாக இருக்கக் கூடாது. இன்னொன்று, புதுக் கிரிப் பெட்டியை மேலாகத் தீயில் வாட்டி, சாயம் ஏற்றி, பழசு மாதிரி முடிக்கும் முறை ஒன்று உண்டு. ‘ஜிதாய் ஷியாகே’ என்பது பெயர், காலத்து முடிப்பு என்று சொல்லலாம். அது மோசடி இல்லை, ஒரு பாணி. அதைப் பழைய பெட்டி என்று சொல்லி விற்றால்தான் மோசடி.

இப்போது மற்றக் கட்சி. இழுப்பறை கையில் கனத்து, முகப்பில் மலை மலையாகவும் சுழல் சுழலாகவும் பெரிய ரேகை ஓடி, அதன் மேல் சிவப்பு கலந்த பழுப்பில் ஆழமான பளபளப்பு இருந்தால் அது கெயாக்கி. மேலே இருப்பது உருஷி. உருஷியை அரக்கு என்று மொழிபெயர்க்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. அரக்கு பூச்சி தருவது, உருஷி மரத்தைக் கீறி எடுக்கும் பால். நம் ஊர் சேராங்கொட்டையும் மாவும் முந்திரியும் இந்த மரமும் ஒரே குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்து தடிக்குமே, காயாத உருஷியும் அதே வேலையைச் செய்யும். எனக்கு முதல் வருடம் இரண்டு முழங்கையும் வீங்கிவிட்டது. மாங்காய்ப் பால் சிறு வயதில் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உருஷி மற்றப் பூச்சுகள் மாதிரி உலர்வதில்லை. அது இறுகுவதற்கு ஈரம் வேண்டும். 20 முதல் 25 டிகிரி சூடு, 70 முதல் 80 சதவீதம் ஈரப்பதம் உள்ள அலமாரியில் வைத்துத்தான் இறுக வைப்பார்கள். மெல்லிசாக ஒரு பூச்சு, இறுகல், தேய்ப்பு, மறுபடி ஒரு பூச்சு. செண்டாய் ஊர்த் தன்சுவில் ‘கிஜிரோ’ என்ற முறை உண்டு: ஒளி ஊடுருவும் உருஷியை அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து, கெயாக்கி ரேகை ஏதோ தேனுக்கு அடியில் கிடப்பது மாதிரி தெரிய வைப்பார்கள். வருடம் போகப் போக அது இன்னும் தெளியும். அந்தத் தெளிவுக்கு நூறு வருடம் ஆகும், குறுக்கு வழி இல்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கெடுத்துத் தெரிந்துகொண்டேன். பட்டறையில் சேர்ந்த இரண்டாம் வருடம், கிரிப் பெட்டிகள் வெள்ளையாகப் பிறந்து வருவதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கை அரித்தது. ஒரு சின்னக் கல்லாப்பெட்டித் தன்சு, வியாபாரிகள் கணக்குப் புத்தகம் வைப்பது, மலிவாகக் கிடைத்தது. புகை படிந்து கறுத்திருந்தது. வீட்டு பால்கனியில் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அடியிலிருந்து நல்ல வெளிர் மரம் வந்தது, சந்தோஷமாகப் படம் எடுத்துப் பட்டறை முதலாளியிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பின்பலகையை விட்டுவைத்தாயா?” என்று மட்டும் கேட்டார். அழுக்கு என்று நினைத்து நான் சுரண்டி எறிந்தது உருஷி. அந்தப் பெட்டி இன்றும் என் வீட்டில் செருப்பு வைக்கும் இடத்தில் இருக்கிறது.

கெயாக்கிப் பெட்டியில் நல்ல புதுப்பிப்பு என்பது கண்ணுக்கே தெரியக் கூடாது. அழுக்கைத் துடைத்து, பொரிந்த இடத்தில் மட்டும் உருஷி தொட்டு, தளர்ந்த மூட்டை இறுக்கி, உடைந்த மூலையை அதே மரத்தில் வைத்து விடுவதோடு நிறுத்த வேண்டும். அடியில் உருஷி முழுக்கப் பாழாகிவிட்ட பெட்டிகளைச் சுரண்டி மறுபடி உருஷி துடைத்து ஏற்றுவதும் உண்டு, அது நியாயமான வேலைதான், ஆனால் விலையில் அதைச் சொல்ல வேண்டும். சுரண்டிவிட்டுப் பாலியூரித்தேன் அடித்த பெட்டி என்றால் வாங்காதீர்கள். சாய்வான வெளிச்சத்தில் முகப்பைப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி ஒரே சீரான பளபளப்பு, இழுப்பறையின் விளிம்புகள் எல்லாம் கூர்மை மழுங்கி உருண்டை என்றால் மெஷின் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

இரும்புக்கும் இதே கதை. பழைய இரும்பைத் தீயில் காட்டி, சூடாக இருக்கும்போதே உருஷி பூசிக் கருக்குவது பழைய முறை. அது ஆழமான, கொஞ்சம் சீரற்ற கறுப்பு. ஸ்பிரே பெயின்ட் சீரான கறுப்பு. பூட்டுத் தகட்டின் செதுக்கல்களுக்குள் தேங்கி நிற்கும். செண்டாய்ப் பெட்டிகளில் சிங்கமும் பியோனிப் பூவும், டிராகனும் இரும்புத் தகட்டில் புடைத்து நிற்கும். அந்தக் கண்ணும் பல்லும் பெயின்டில் மூழ்கியிருந்தால் மனசு கஷ்டமாக இருக்கும். செண்டாய்த் தன்சுவுக்கு 2015இல் ஜப்பான் அரசின் மரபுக் கைவினை அங்கீகாரம் கிடைத்தது. இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், ஆகவே ‘செண்டாய்’ என்ற பெயரே பழமைக்குச் சாட்சி ஆகாது.

கப்பல் தன்சு என்று யாராவது காட்டினால் இரண்டு தடவை யோசியுங்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஒசாகாவுக்கும் ஹொக்காய்தோவுக்கும் நடுவே ஜப்பான் கடல் வழியாகப் போன கித்தாமாயே கப்பல்களில் பணம், முத்திரை, பத்திரம் வைக்கச் செய்தவை அவை. சாதோத் தீவின் ஓகி, சகாதா, மிக்குனி என்று மூன்று துறைமுகங்கள் இதற்குப் பேர் போனவை. வெளியே கெயாக்கியும் கட்டு கட்டாக இரும்பும், உள்ளே கிரியும் ரகசிய அறைகளும். கடலில் விழுந்தால் உள்ளே கிரி உப்பி இறுகி, தண்ணீர் புகாமல் மிதக்கும் என்பார்கள். டோக்கியோவில் 1936இல் நாட்டுக் கைவினை அருங்காட்சியகம் திறந்த யானாகி சோஎத்சு இவற்றின் மேல் பைத்தியமாக இருந்தவர். அவர் கண் பட்ட பிறகு நல்லவை எல்லாம் சேகரிப்பாளர்களிடம் போய்விட்டன. சாதாரணக் கடையில் மலிவாகக் கிடைத்தால் ஏதோ சரியில்லை.

வயதைப் பற்றி. முகப்பைப் பார்த்து வயது சொல்ல முடியாது, புதுப்பித்த பெட்டியில் அது இன்னும் மோசம். பின்னாலும் அடியிலும் பாருங்கள். அங்கே யாரும் புதுப்பிப்பதில்லை. மெய்ஜிக் காலம் 1868இல் தொடங்குகிறது. அதற்கு முன்பு ஜப்பானில் உருண்டைக் கம்பி ஆணி கிடையாது; கொல்லன் அடித்த சதுர ஆணிதான். பெட்டியின் ஆதார இணைப்பிலேயே உருண்டை ஆணி இருந்து, கடைக்காரர் அதை மெய்ஜிக்கு முந்திய எடோ காலம் என்றால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். பின்பலகையில் வளைவு வளைவாக வாள் தடம் இருந்தால் வட்ட வாள் இயந்திரத்தில் அறுத்தது, அதுவும் மெய்ஜிக்கு முந்தியது இல்லை. இழுப்பறையின் அடி பிளைவுட் என்றால் பெட்டி அநேகமாக மெய்ஜிக்கு அடுத்து வந்த தாய்ஷோ காலத்தது, இல்லை அதற்கும் பிந்தியது, அல்லது அடியை மட்டும் பிறகு மாற்றியிருக்கிறார்கள். ஜப்பானில் பிளைவுட் 1907இல்தான் தொடங்கியது.

எல்லா இழுப்பறைகளையும் வெளியே எடுத்து, பின்புறமும் அடியும் செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். மையில் எழுதிய வரி ஏதாவது இருக்கலாம். பெட்டி செய்த நாள், வாங்கியவர் வீடு, கல்யாண தேதி. மெய்ஜி 25 என்று இருந்தால் 1867ஐக் கூட்டுங்கள், 1892. தாய்ஷோ என்றால் 1911ஐயும், அதற்கு அடுத்த ஷோவா என்றால் 1925ஐயும் கூட்ட வேண்டும். உள்ளே ஒட்டிய பழைய செய்தித்தாளைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது காகிதத்தின் வயது, பெட்டியின் வயது இல்லை.

இரண்டு அடுக்கு என்கிறீர்கள். மேலும் கீழும் ஒரே பெட்டிதானா? வேறு வேறு பெட்டியின் நல்ல பாதிகளைச் சேர்த்துக் கல்யாணம் செய்து வைப்பது நடக்கிற காரியம்தான். பக்கவாட்டுப் பலகையின் ரேகையும் நிறமும், இழுப்பறைப் பலகையின் கனமும், மூலைப் பொருத்தும் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். (முனை விரிந்த பல் வைத்துக் கோக்கும் பொருத்தை ஆங்கிலேயர் புறா வால் என்பார்கள், ஜப்பானியருக்கு அது ‘அரி’, எறும்பு. எறும்பின் தலை மாதிரி இருக்கிறதாம்.) இழுப்பறையின் பின்னால் எழுதிய வரிசை எண்கள் மேலிருந்து கீழ்வரை தொடர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது மாயேகிரியா சோகிரியா? சீவியதா கழுவியதோடு சரியா? மேலே என்ன பூசியிருக்கிறீர்கள்? உண்மையில் வேலை தெரிந்தவர் இதற்குச் சந்தோஷப்பட்டு அரை மணி நேரம் பேசுவார். ‘எல்லாம் ஒரிஜினல், எல்லாம் கையால்’ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்பவரிடம் அவசரப்படாதீர்கள்.

வாங்கிய பிறகு அதிக வேலை இல்லை. பெரும்பாலும் செய்யாமல் இருப்பதுதான் பராமரிப்பு. கிரியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, எண்ணெயோ பாலிஷோ கூடவே கூடாது. தூசி தட்ட உலர்ந்த துணி போதும். உருஷிக்கு வெயில் ஆகாது, ஜன்னலோரத்தில் வைத்தால் சில வருடத்தில் மங்கிப் பொடியத் தொடங்கும். இரண்டுக்குமே ஏ.சி. காற்று நேராகப் படக் கூடாது. அடியில் மாவு மாதிரி தூள் புதிதாகக் கொட்டிக் கிடந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. கிரியைவிட சுகிப் பின்பலகையைத்தான் அது முதலில் தேடும். துணிக்குக் கற்பூரமும் ரசகற்பூர உருண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இளகித் தண்ணீராகிப் பட்டில் கறை ஏற்றும். ஏதாவது ஒன்று போதும்.

நிலநடுக்கத்தில் மேல் அடுக்கு கீழ் அடுக்கை விட்டு வழுக்கி விழும். அதற்காகப் பழைய பெட்டியில் ஸ்குரூ போடாதீர்கள். நடுவில் வழுக்காத விரிப்பு, உச்சிக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக்கம்பு. இடம் இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு அடுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வையுங்கள். இப்போது நிறையப் பேர் அப்படித்தான் வைக்கிறார்கள், மேலே டிவிகூட வைக்கலாம்.

கிரிப் பெட்டி என்றால் ஒரு இழுப்பறையை உள்ளே தள்ளும்போது வேறொன்று தானாக வெளியே வரும். பேய் இல்லை. உள்ளே காற்றுக்குப் போக இடமில்லாத அளவுக்கு நெருக்கமாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். ஜூன் மழையில் இழுப்பறை இறுகித் திறக்க மறுக்கும், அப்போது யாரையாவது கூப்பிட்டுச் சீவச் சொல்லாதீர்கள்; ஜூனில் சீவிய இழுப்பறை ஜனவரியில் லொடலொடவென்று ஆடும். இரண்டு பிடியையும் சமமாகப் பிடித்து மெல்ல இழுங்கள். முடியவில்லை என்றால் மழை ஓயும்வரை வேறு சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மறுபடி கடைக்குப் போனால் மூன்று படம் எடுத்து அனுப்புங்கள்: பின்பலகை, ஒரு இழுப்பறையின் அடி, பக்கவாட்டு இரும்பு. முகப்புப் படம் வேண்டாம், அதைக் கடைக்காரரே நன்றாக எடுத்து வைத்திருப்பார்.